மருந்துக் கப்பில் ஒரு வாய் பீர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் இரண்டாம் தட்டு நாலு வருஷம் எனக்குச் சொந்தமாக இல்லை. இட்லி மாவை ஒரு மூலையில் ஒடுக்கித்தான் வைப்பேன். சாளை மீன் மலிவாகக் கிடைத்தால்கூட இரண்டு கிலோ வாங்கிப் போட முடியாது. அந்தத் தட்டில் அடுத்த மனுஷனுடைய பீர் பாட்டில்கள் வரிசைகட்டி நின்றன. என் வீட்டுக்காரருடையது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சோடா குடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள்.

பீர் அண்ணாச்சியுடையது. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஊர், தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை. துபாயில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டெக்னீஷியன். வேலை துபாயில், ரூம் ஷார்ஜாவில். வாடகை குறைவு என்று இங்கே பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் ஷார்ஜாவில் மது சுத்தமாக மாஃபி, கிடையவே கிடையாது. பையில் ஒரு பாட்டிலோடு அந்தப் பக்கம் போய்ப் பிடிபட்டால் கேஸ்தான். அதனால் அவர் ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் துபாய் சத்வாவில் எங்கள் வீட்டில் குடியிருந்தது. அண்ணாச்சி இங்கிருந்து போய் மூன்று வருஷமாகிறது. இருந்தாலும் அவரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

முதல் தடவை இரண்டு பாட்டிலோடு வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டும்" என்றார். நான் கதவைச் சாத்தப் போனேன். சும்மா இல்லை, நான் குடிகாரன் மகள். என் அப்பா தெருவில் விழுந்து கிடந்தபோதெல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு போய்த் தூக்கி வந்தவள். நர்ஸ் படித்து இத்தனை தூரம் வந்ததே அந்த நாற்றத்தைவிட்டுத் தப்பிக்கத்தான்.

"என் வீட்டுல இந்தப் பேச்சே வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒரு ஞாயித்துக்கிழம நீயும் கூட இருந்து பாரு. ஒருத்தன் சத்தம் ஒசந்துச்சுன்னா, மறுநாளே எடுத்துட்டுப் போயிருதேன்" என்றார். சரி, ஒரு ஞாயிறுதானே, பார்த்துவிடுவோம் என்று விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் டூட்டியில் முதுகொடிந்த ஆட்கள். அண்ணாச்சி பையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்தார். பார்மஸியில் சிரப் குடிக்க வாங்குவோமே, கோடு போட்ட குட்டி பிளாஸ்டிக் மருந்துக் கப், அது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு பாட்டில் பீரைப் பதினோரு கப்பாக, சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். நான் வார்டில்கூட அவ்வளவு கவனமாக மருந்து ஊற்றியதில்லை.

குடிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய். பிறகு என்ன மாதிரி இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சூப்பர்ண்ணே" என்றான் ஒருவன்.

"சூப்பர்லாம் கெடையாது மக்கா. நல்லாருக்குன்னும் சொல்லப்பிடாது. அது பதிலே இல்ல. எதை மாதிரி இருக்கு, அதச் சொல்லு."

அடுத்தவன், "லேசாப் புளிக்கு, கொடுக்காப்புளி மாதிரி" என்றான். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பாஸான மாதிரி ஒரு பூரிப்பு. "தங்கச்சி, நீ குடிக்காண்டாம். மோந்து மட்டும் பாரு" என்று இரண்டாவது பாட்டிலிலிருந்து எனக்கும் ஒரு கப்பை நீட்டினார். கறுப்பாக இருந்தது. வேண்டா வெறுப்பாக மோந்தேன். அடுப்பில் கருப்பட்டி காந்தின வாசம். அதைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியளால! பாட்டில்ல என்னென்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். ஒத்த வார்த்தையில தங்கச்சி சொல்லிட்டு!" நாலரை மணிக்கு எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருத்தன் சத்தமும் உயரவில்லை. இரண்டு கப் மிச்சம் இருந்தது, யாரும் அதற்குக் கை நீட்டவில்லை. மிச்சம் வைத்த சாராயத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கே இரண்டாம் தட்டை ஒழித்துக் கொடுத்தேன்.

ஆனால் அந்த நாக்கோடு பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. பொய் சொல்லத் தெரியாத நாக்கு அது. நெய்மீன் குழம்பு வைத்துப் போட்டால் முதல் கவளத்திலேயே, "நேத்துக் கரச்ச புளியா தங்கச்சி?" என்பார். உண்மைதான். டூட்டி முடிந்து வந்து புதிதாகப் புளி கரைக்க எனக்கு எங்கே நேரம்? "சாப்பிடுங்க, இல்லன்னா எழும்பிப் போங்க" என்பேன். "கோவப்படாத. மீனு பிரமாதம். புளியத்தான் சொன்னேன்" என்று மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார். அவர் பிரமாதம் என்றால் அது பிரமாதம்தான். ஒப்புக்குச் சொல்ல மாட்டார் என்று தெரியுமாகையால் எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

ஒரு குளிர்காலத்தில் ஹோட்டல் புல்வெளியில் நடந்த பீர் விழாவுக்கு எங்களையும் கூட்டிப் போனார். அண்ணாச்சி இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. பெரிய பெரிய கம்பெனி ஆபீஸர்கள் அரை டவுசரோடு திரிந்த இடத்தில், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்த மாதிரி இவர் நின்றார். ஏதோ ஒரு நாட்டிலிருந்து சின்ன பீர் ஆலைக்காரர் ஒருவர் வந்திருந்தார். தாடி வைத்த வெள்ளைக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்ச்சுவாராம், அதற்கு அப்படி ஒரு வரிசை. எல்லாரும் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார்கள். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார், கப்பை இறக்கினார்.

"சார், பட்டர் கமிங்" என்றார்.

தாடிக்காரருக்குப் புரியவில்லை. "பீர் குட் சார். யுவர் பீர் வெரி குட். பட் பைப் நாட் கிளீன். பட்டர் ஸ்மெல் கமிங்."

எனக்கு மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் எங்களுக்குத் தெரியாத ஆள் மாதிரி ரெண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். தாடிக்காரர் முகம் சிவக்கக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தானே ஒரு கப் பிடித்துக் குடித்தார். இன்னொரு தடவை குடித்தார். மேஜைக்குக் கீழே குனிந்து குழாயைக் கழற்றச் சொன்னார். உள்ளே வழுவழுவென்று படிந்திருந்தது. கழுவி மாட்டினபிறகு முதல் கப்பை அண்ணாச்சி கையில்தான் கொடுத்தார். "இப்ப பாரு" என்று எனக்கு மோக்கக் கொடுத்தார் இவர். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின வாசம், அப்படியே. அடுத்த வருஷம் விழாக்காரர்கள் ஓசிச் சீட்டு அனுப்பினார்கள். அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிட்டுக் காசு கொடுத்துப் போனார். "ஓசில உள்ள போனா, நல்லால்லன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்த்தால், இவர் போனில் பீர் ஆலைச் சேதி படிப்பார். ஜப்பானில் ஒருவன் எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தைப் போட்டுக் காய்ச்சுகிறான், டென்மார்க்கில் ரெண்டு அண்ணன் தம்பி சண்டை போட்டு ஆலையைப் பிரித்துக்கொண்டார்கள் என்று, சொந்தக்காரர் வீட்டு விவகாரம் போல எனக்குச் சொல்வார். எந்த நாட்டுக்காரன் வீட்டுச் சண்டையோ, நானும் கரண்டியும் கையுமாக நின்று கேட்பேன்.

அந்தச் சேதிகளில் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கம்பெனி ஒரு தடவை அவரைப் பத்து நாள் டிரெயினிங்குக்கு ஜெர்மனி அனுப்பியிருந்தது. லீவு கிடைத்த ஒரே ஞாயிறில், கூடப் போனவர்கள் ஊர் சுற்றக் கிளம்ப, இவர் மட்டும் ரயில் மாறி மாறி பெல்ஜியத்தில் ஒரு குக்கிராமத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு கிழவரும் கிழவியும் மாட்டுக்கொட்டில் மாதிரி ஒரு இடத்தில் பீர் காய்ச்சுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. குளிர்ந்த ராத்திரியில் சன்னலைத் திறந்துவைப்பார்கள், காற்றில் இருப்பது தானாக வந்து விழுந்து புளிக்கும். "அந்த ஊர்க் காத்தப் பாட்டில்ல அடச்சு வச்சிருக்காங்க தங்கச்சி" என்பார். கிழவி ஒரு பெரிய பச்சைப் பாட்டிலைக் கொடுத்து, மூன்று வருஷம் கழித்துத் திற என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கார்க்கும் கம்பியும் போட்ட அந்தப் பாட்டில் என் ஃப்ரிட்ஜில் பின்பக்கச் சுவரோரம் நின்றது. மற்றவை வரும், போகும். அது மட்டும் அசையவில்லை.

மூன்றாவது வருஷம் ஒரு காலையில் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "தங்கச்சி, மூடிட்டாரு."

"என்ன அண்ணாச்சி, ஊர்ல யாரும் தவறிட்டாங்களா?"

"இல்ல. பெல்ஜியத்துக் கெழவரு. கை நடுங்குதாம், ஆலைய மூடிட்டாராம். இனி அந்த பீரு கெடையாது." அன்று வேலைக்குப் போகாமல் எங்கள் வீட்டில் வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பச்சைப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். நான் கேலி செய்ய வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதே சமயம் ஊரிலும் தீ பற்றியது. பீர் விழாவில் நாலு கப் தட்டோடு இவர் சிரித்துக்கொண்டு நின்ற போட்டோவை எந்தப் புண்ணியவானோ எடுத்து ஊர்க் கோயில் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். 'துபாயில் நல்ல உழைப்பு' என்று கீழே ஒரு வரி வேறு. மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, அதைப் பார்த்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்கிற பெண். இரண்டு மாசம் பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு. அப்புறம் ஒருநாள் தானே போன் செய்து, ஒரு மாச விசிட் விசா எடுக்கச் சொல்லியிருக்கிறார். "நேர்ல வந்து பாக்கேன். குடிகாரனாயிட்டியன்னு தெரிஞ்சுது, வேலைய எழுதிக் குடுக்கச் சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

"வக்கீல் வச்சு வாதாடவா முடியும்?" என்றார் அண்ணாச்சி என்னிடம். "பதினாறு வருஷமா நான் இங்க எதுக்குப் பின்னால அலையுதேன்னு அவளுக்குத் தெரியாது. அந்தப் பச்சப் பாட்டிலத் தொறந்து ஒரு வாய் குடுப்பேன். புரிஞ்சா இருக்கேன். புரியலன்னா பெட்டியக் கட்டிருவேன். கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது மாதாவே என்று வேண்டினேன். வேண்டிய நானே அதற்கு எமனாக வந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டி மாதா சுரூபம், அதாவது சிலை, எங்கள் ஆட்கள் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள். பூவும் மெழுகுதிரியுமாகப் பெண்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எங்கள் முறை வந்தது. மாதா உட்கார்ந்திருக்கிற வீட்டில் பீர் பாட்டிலா? அதுவும் அந்தப் பெண்கள் தண்ணீர் எடுக்கிறேன் என்று உரிமையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கிறவர்கள். பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, கீழே பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற எங்கள் கார் டிக்கியில் வைத்தேன். குளிர்ச்சியான இடம். என் வீட்டுக்காரர் கம்பெனி வண்டியில்தான் வேலைக்குப் போவார். கார் நகராது என்ற நம்பிக்கை. அவரிடம் சொன்னால் வீண் பேச்சு வளரும் என்று சொல்லவுமில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் சுரூபத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கீழே போனேன். கார் இல்லை. போன் செய்தால், "ரெண்டு நாளா கம்பெனி வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கு பிள்ள. நான் நம்ம காருலதான் வாரேன்" என்கிறார். அவர் வேலை பார்க்கும் குடோன் இருப்பது ஷார்ஜாவில்! திறந்தவெளிப் பார்க்கிங். ஆகஸ்ட் வெயில். டிக்கிக்குள் பாட்டிலோடு இரண்டு நாளாகப் போய் வந்துகொண்டிருக்கிறார், சிக்னலில் போலீஸ்காரருக்கு சலாம் வேறு வைத்துக்கொண்டு. வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பாட்டில் சுட்டது. கார்க் ஓரத்தில் பிசுபிசுவென்று ஏதோ கசிந்திருந்தது. துடைத்து மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். "பேசாம இரு. ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் என் வீட்டுக்காரர், ஆண்பிள்ளைகளுக்கே உரிய தைரியத்தோடு. அண்ணாச்சியிடம் சொல்லிவிட எத்தனை தடவை போனைக் கையில் எடுத்தேன்! ஒவ்வொரு தடவையும் அவரே முந்திக்கொண்டு, "அவ டிக்கெட் போட்டாச்சு தங்கச்சி" என்று குதூகலிப்பார். சந்தோஷம் அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிடுவேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

மைனி வந்தார். ஒல்லியாக, நிமிர்ந்த முதுகு, சிரிக்காத வாய். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் மூக்கைத் தூக்கினார். "ஒங்க டின்னுல நெத்திலிக் கருவாடு ஈரம் பட்டிருக்கு. வெயில்ல ஒரு நாள் போடுங்க." நான் மிரண்டுபோனேன். புருஷனாவது நாக்கில் வைத்துத்தான் சொல்வார்.

ஆட்கள் யாரையும் அழைக்கவில்லை, நாங்கள் நாலு பேர்தான். அண்ணாச்சி அன்றைக்கும் முழுக்கைச் சட்டை. கம்பியை முறுக்கு முறுக்காக, மெதுவாகப் பிரித்தார். கார்க் டப்பென்று வர வேண்டியது, சோம்பலாக வந்தது. அப்போதே அவருக்குப் பொறி தட்டியிருக்கும், ஆனாலும் ஊற்றினார். முதல் கப் மைனிக்கு.

"நான் சொன்னதெல்லாம் மறந்துரு. நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லாத. எதை மாதிரி இருக்கு, அத மட்டும் சொல்லு" என்றார்.

மைனி சிலுவை போட்டுக்கொண்டு, மோந்து, ஒரு வாய் குடித்தார். அண்ணாச்சியும் குடித்தார். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐயோ, பதினாறு வருஷமும் போச்சு, இந்த மனுஷனுடைய பெட்டியை நான் கட்டிவிட்டேனே என்று நினைத்தேன். கெட்டுப்போயிற்று என்று அவர் சொன்னால், சாக்குச் சொல்கிறார் என்பார் மைனி. நல்லாயிருக்கிறது என்று பொய் சொல்ல அவருக்கு வராது.

மைனி கப்பைக் கீழே வைத்தார். "ஏங்க, இது மழையில நனஞ்ச அட்டப்பெட்டில்லா? மொத வாய்க்கு அட்டப்பெட்டிதான் வருது. அதுக்கு அடியில நல்ல புளிப்பு ஒண்ணு கெடக்கு, பாவம், அமுங்கிப் போச்சு. எவனோ வெயில்ல போட்டு வேக வச்சிருக்கான்."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"அட்டப்பெட்டின்னேன். தப்பா?"

"தப்பா!" தொடையில் ஓங்கி அடித்தார். "நூத்துக்கு நூறு! சூட்டுல வெந்த பீருக்கு அதாம்ட்டி வாசம்! எனக்கு அது பிடிபட ஆறு வருஷம் ஆச்சு. நீ எங்க படிச்ச?"

"படிச்சனா? பதினாலு வருஷமா கருவாட்டு லோடு எறக்குதேன். ஈரப் பெட்டி எது, காஞ்ச பெட்டி எதுன்னு மூக்குலதான பாக்கேன்."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எவனோ இல்ல மைனி, நான்தான்" என்று மாதா வந்தது, டிக்கி, ஷார்ஜா எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி திட்டுவார் என்று காத்திருந்தேன். "பைபிள்ல அந்தக் கல்யாண வீட்டுல திராட்சரசம் தீந்துபோச்சுன்னு மகன்கிட்ட சொன்னதே மாதாதான தங்கச்சி? அவங்களுக்கா ஒளிச்சு வச்ச?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். மைனி பக்கமிருந்து அவர் கண்ணை எடுக்கவேயில்லை.

மைனி இன்னொரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. "சரி, கெடாம இருந்தா இது எப்படி இருக்கும்?"

"அது இனிக் கெடைக்காது பிள்ள. ஆலைய மூடிட்டாங்க."

"அதுக்கென்ன, நீங்க குடிச்சிருக்கியள்லா? நான் உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இது எப்படி இருக்கும்னு சொல்லுங்க, கேக்கேன்."

எல்லாவற்றுக்கும் வார்த்தை வைத்திருந்த அந்த மனுஷன் முதலில் கப்பைக் கீழே வைத்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஆரம்பித்தார். ரயில், கொட்டில், திறந்திருந்த சன்னல், கிழவி ஊற்றிக் கொடுத்த முதல் வாய் எல்லாம் வந்தது. பதினாறு வருஷமாகப் போனில் 'சாப்டேன், டூட்டிக்குப் போறேன், பிள்ளைங்களப் பாத்துக்க' என்று மூன்றே வாக்கியத்தில் மைனியிடம் பேசி முடித்தவர், அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. மைனி கன்னத்தில் கையை வைத்தபடி, இடையிடையே "புளிப்பு முன்னால வருமா, பின்னால வருமா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.